கோட்டை ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம்

ஜனவரி 20, செவ்வாய். சேலம்

சேலத்தில் லாட்ஜ் எடுத்தால் ஏற்காட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று ஊரே முடிவு செய்துவிடுகிறது. சாவியைக் கொடுக்கும்போதே ரிசப்ஷன் தம்பி, “ஏற்காட்டுக்கு வண்டி சொல்லிடட்டுங்களாக்கா? மேல நல்ல குளிரு, காப்பிப் பழம் பறிக்கிற நேரம்” என்றார். ஆத்தூர், தலைவாசல் பக்கம் என்றேன். முகம் வாடிவிட்டது. “அங்க பார்க்க என்னக்கா இருக்கு?”

சந்தை இருக்கிறது. கோயம்பேட்டில் நான் காய் வாங்கும் கடைக்காரர் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே காரணம்தான் சொல்வார்: “தலைவாசல் லோடு வரலம்மா”, இல்லையென்றால் “தலைவாசல் லோடு ரெண்டு வண்டி சேர்ந்து இறங்கிடுச்சும்மா.” என் வீட்டுச் சாம்பாரின் விலையைத் தீர்மானிக்கும் ஊரை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். வந்த இடத்தில் அது ஒரு ஊரோடு நிற்கவில்லை.

மத்தியானம் செவ்வாய்ப்பேட்டை. லீ பஜாருக்குள் நுழைந்ததும் மூக்குதான் முதலில் வேலை செய்தது. புளி, வெல்லம், காய்ந்த மிளகாய், மஞ்சள் எல்லாம் ஒரே சந்தில். தும்மிக்கொண்டே நடந்தேன். லாரி ஒன்று பின்னால் வந்தால் முன்னால் போகிற தள்ளுவண்டி, ஸ்கூட்டர், மாடு எல்லாம் ஏதாவது ஒரு மண்டிக்குள் ஏறி நின்றுகொள்கின்றன. யாரும் கோபப்படவில்லை. நானும் ஒரு ஜவ்வரிசி மண்டிக்குள் ஏறி நின்றேன். “உக்காருங்கம்மா, லாரி போவ நேரமாவும்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார் கணக்கெழுதிக் கொண்டிருந்த பெரியவர். டீயும் வந்தது. காசு கொடுக்கப் போனதற்கு, “லாரிக்காரன்கிட்ட வாங்கிக்கறேன், விடுங்க” என்றார்.

சேலம் பெரிய ஊரானதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். சூரமங்கலத்தில் ஜங்ஷன், 1866ல் நகராட்சி, அப்புறம் இரும்பாலை, 1994ல் மாநகராட்சி. பெரியவர் சொன்ன காரணம் வேறு. “சுத்துப்பட்டுல எங்க வெளைஞ்சாலும் இங்கதான் வெல படியும். வெல படியற எடம்தான் ஊரு” என்றார். நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

சாயங்காலம் தட்டுவடை செட். இரண்டு குட்டித் தட்டுவடைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. முப்பது ரூபாய். ஒரே வாயில் போடவேண்டும், கடித்தால் சட்டையில் கொட்டும் என்று பக்கத்தில் நின்ற காலேஜ் பெண் முறையாக வகுப்பே எடுத்தாள். இரண்டாவது பிளேட் நொறுக்கல். ராத்திரிச் சாப்பாடு அதோடு முடிந்தது.

ஜனவரி 21, புதன். ஆத்தூர்

ஆத்தூருக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஏறும்போது “ஆத்தூர் போகுமா?” என்று கேட்டேன், போகும் என்றார் கண்டக்டர். போனது. ஊருக்கு வெளியே, பைபாஸ் வழியாக. “எறங்குங்க எறங்குங்க, உள்ள போவாது” என்று ஒரு மேம்பாலத்தின் அடியில் என்னையும், முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு பாட்டியையும், இரண்டு பள்ளிக்கூடப் பையன்களையும் இறக்கிவிட்டு விசில் அடித்துவிட்டார்கள். மணி ஒன்பது, பனி இன்னும் விலகவில்லை. பாட்டி கண்டக்டரின் மூன்று தலைமுறையையும் இழுத்து வைதார். வைது முடிந்ததும் என்னைப் பார்த்து, “வா பாப்பா, ஆட்டோவுக்கு ஆளுக்கு இருவது போடுவோம்” என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது. பாப்பா என்றது பிடித்திருந்தது.

வழியில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். வாழப்பாடி தாண்டியதும் இருபக்கமும் பாக்குத் தோப்பு ஆரம்பிக்கிறது. பெத்தநாயக்கன்பாளையம் வரை விட்டு விட்டு வருகிறது. வீட்டு வாசல்களில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாக்கு உரித்துக் கொண்டிருந்தார்கள். நடுவில் 146 அடி முத்துமலை முருகன் எழுந்து நிற்கிறார், 2022ல் கும்பாபிஷேகம் ஆனது. பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவரைச் சுற்றி இளநீர், பொம்மை, பொரிக்கடை என்று ஒரு புதுக் கடைத்தெரு. ஒரு ஊர் முளைப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே இறங்கினாலே போதும் என்று தோன்றியது.

ஆத்தூர் வடக்கே கல்வராயன் மலைக்கும் தெற்கே பச்சைமலைக்கும் இடையில் கிடக்கிறது. நடுவில் வசிஷ்ட நதி. மலைச் சரக்கு இறங்குகிற இடம், கிழக்கே கடற்கரைச் சீமைக்குப் போகிற வழி. கோட்டை கட்டுகிறவன் இப்படி இடம்தான் தேடுவான். கட்டியவர்கள் கெட்டி முதலிகள். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் வேலைப்பாட்டுக்குப் பெயர் வாங்கியவர்களும் இவர்கள்தான், மதுரை நாயக்கர்களுக்கு அடங்கிய பாளையக்காரர்கள். வேட்டைக்கு வந்த இடத்தில் முயல் ஒன்றைத் துரத்தப்போய்ப் புதையல் கிடைத்தது, அதை வைத்துக் கோட்டை கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. தமிழ்நாட்டில் முயல் துரத்தாத கோட்டையே கிடையாது போலிருக்கிறது.

கோட்டைக்குள் இன்றும் குடியிருக்கிறார்கள். மதிலை ஒட்டி வீடு, கொடியில் துணி, பைக். பெரிய பெரிய கல்லாக அடுக்கிய மதிலில் ஒரு பையன் கரித்துண்டால் ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கிறது, அதன் அடியில் ஆடு கட்டியிருக்கிறது. நெற்களஞ்சியம் என்று ஒரு கட்டடத்தைக் காட்டினார்கள். கோட்டைக்கோயிலான காயநிர்மலேஸ்வரர் கோயிலில் பத்துப் பேர்கூட இல்லை. பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகளூர், கூகையூர் என்று இந்த ஆற்றோரமாக ஐந்து சிவன் கோயில்களைப் பஞ்சபூதத் தலமாகச் சொல்கிறார்கள். ஆத்தூர் அதில் நெருப்பு. ஆற்றங்கரையில் ஐந்து பெரிய கோயில் நிற்கவேண்டுமென்றால் அந்தக் காலத்தில் இந்த ஆறு எவ்வளவு நெல் விளைவித்திருக்க வேண்டும் என்று யோசித்தபடியே கரைக்குப் போனேன். ஆறு இல்லை. கருப்பாகச் சாக்கடை ஒன்று போகிறது, நாணல் நிறைய. மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினேன்.

இந்தக் கோட்டையை 1768ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஹைதர் அலி திரும்பப் பிடித்தார், 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சேலம் சீமையையே விட்டுக்கொடுத்தபோது மறுபடி கைமாறியது. பாடப்புத்தகம் அங்கே நின்றுவிடும். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு விவசாயியிடமும் நேராக வரி வாங்கும் ரயத்வாரி முறையை இந்தப் பக்கத்தில்தான் முயன்று பார்த்தார்கள். வரி பணமாக வேண்டும். கிஸ்தி கட்டப் பணம் வேண்டுமென்றால் விளைந்ததை விற்கவேண்டும், விற்பதற்குச் சந்தைக்கு வந்தாகவேண்டும். களஞ்சியத்தில் நெல்லாகக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற குடியானவன் தரகனோடு விலை பேசக் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று இது. கோட்டை காலியானது. கோட்டைக்கு வெளியே பேட்டை நிறைந்தது.

இப்போதும் அப்படித்தான். கோட்டைப் பக்கம் ஈ ஓட்டுகிறது, கடைவீதியில் நடக்க முடியவில்லை. உரக்கடை, விதைக்கடை, மோட்டார் காயில் கட்டும் கடை, கயிற்றுக்கடை, நகைக்கடை, மறுபடி உரக்கடை. ஒரு விவசாயி காலையில் காசோடு வந்தால் சாயங்காலத்துக்குள் அதை எங்கெங்கே இறக்கிவைப்பார் என்பதை அந்த வீதியின் வரிசையே சொல்லிவிடும்.

மெஸ்ஸில் சாப்பாடு எண்பது ரூபாய், மீன் குழம்பு சேர்த்து. ஆத்தூர் கிச்சிலி சம்பா உண்டா என்று கேட்டேன். பரிமாறிய அக்கா சிரித்தார். “அதெல்லாம் மெட்ராஸ்ல பணக்காரங்க திங்கறதுங்க. இங்க பொன்னிதான்.”

லாட்ஜில் வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும். கொசு முழு நேரமும்.

ஜனவரி 22, வியாழன். ஆத்தூர் பக்கம்

நேற்று ஆட்டோ ஓட்டியவரின் மச்சான் ஒரு சேகோ ஃபேக்டரியில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், மேஸ்திரி. அப்படிக் கிடைத்தது அனுமதி. பெயர் போடவேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார், போடவில்லை.

மரவள்ளிக்கிழங்கு என்று சென்னையில் சொல்வதை இங்கே குச்சிக்கிழங்கு என்கிறார்கள். டிராக்டர் டிரெய்லரில் மண்ணோடு வந்து எடைமேடையில் ஏறுகிறது. எடை மட்டும் போதாது, பாயிண்ட் பார்க்கவேண்டும். கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதற்குத்தான் பாயிண்ட். இத்தனை பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை. எட்டு, பத்து மாதம் காட்டில் கிடந்த பயிருக்குச் சில நிமிடத்தில் தீர்ப்பு. கிழங்கு கொண்டுவந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயிண்ட் பார்ப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன எண்ணைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் போய் டிராக்டர் டயரை ஓர் உதை விட்டார். “மழ பேஞ்சிடுச்சுங்க, தண்ணி கோத்துக்கிச்சு, பாயிண்ட் எறங்கிடுச்சு” என்று மேஸ்திரி என்னிடம் விளக்கினார். அவர் காதில் விழும்படிதான் சொன்னார்.

உள்ளே போனால் தோலுரித்து, கழுவி, அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் தெளியவிடுகிறார்கள். சக்கை திப்பி என்று தனியாகப் போகிறது, மாட்டுத் தீவனத்துக்கு. தொட்டியடியில் படிந்த மாவை ஈரத்தோடு வெட்டி எடுத்து, உடைத்து, குலுக்கிக் குலுக்கி மணியாக உருட்டுகிறார்கள். இதுதான் நான் பார்க்க ஆசைப்பட்டது. முன்பெல்லாம் துணித் தூளியில் போட்டு ஆள் நின்று குலுக்குவார்களாம், இப்போது மிஷின். பொடியாகப் போன மாவு மறுபக்கம் முத்து முத்தாக வருகிறது. யாரும் உருட்டவில்லை, அதுவாக உருண்டுகொள்கிறது. அப்புறம் சூடான தட்டில் லேசாக வறுக்கிறார்கள். மேல்தோல் வெந்து பளபளப்பு வருவது அப்போதுதான். கடைசியில் களம். ஒரு ஏக்கர் இருக்கும் சிமெண்ட் தரையில் வெள்ளை வெளேரென்று காய்கிறது. பெண்கள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பலகையால் இழுத்து இழுத்துப் புரட்டுகிறார்கள். வெயில் மேலேயிருந்தும் அடிக்கிறது, ஜவ்வரிசியில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கிறது. கால் மணி நேரத்தில் எனக்குக் கண் கூசித் தண்ணீர் வந்துவிட்டது. “நாங்க பொழுதுக்கும் நிக்கறமே” என்றார் ஒரு அம்மா. அவருக்கு நாள் கூலி என்ன என்று கேட்டேன். மேஸ்திரியைப் பார்த்தார், பதில் வரவில்லை.

புளித்த வாடை மட்டும் உடம்போடு வந்துவிட்டது. ராத்திரி இதை எழுதும்போதும் துப்பட்டாவில் அடிக்கிறது.

இந்தத் தொழில் இங்கே வந்த கதை எனக்குப் பிடித்த கதை. ஜவ்வரிசி மலேயா பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்கு. இரண்டாம் உலகப்போரில் அந்தப் பக்கம் ஜப்பான் கைக்குப் போனதும் வரத்து நின்றது. 1943ல் சேலத்து மாணிக்கம் செட்டியார் கருவாட்டு வியாபாரமாகக் கேரளா போயிருந்தபோது, பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். அவருக்கு ஜவ்வரிசி செய்யும் நுணுக்கம் தெரியும். இருவரும் சேர்ந்து சேலத்தில் தொடங்கினார்கள். கருவாடு விற்கப் போனவர் கொண்டுவந்த தொழிலில் இன்று சேலம், நாமக்கல் என்று காடு காடாகக் குச்சிக்கிழங்கு நிற்கிறது. 1981ல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள், 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. இதில் வேடிக்கை, நாம் பாயசத்துக்கும் வடகத்துக்கும் கைப்பிடி கைப்பிடியாக வாங்குவதை நம்பி இந்தத் தொழில் நடக்கவில்லை. மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் விரதம் இருக்கிறவர்கள் சாபுதானா சாப்பிட வேண்டும். நவராத்திரிக்கு அங்கே எத்தனை பேர் பட்டினி கிடக்கிறார்களோ அதைப் பொறுத்து ஆத்தூரில் டிராக்டர் தவணை கட்டப்படுகிறது.

சாயங்காலம் உழவர் சந்தைப் பக்கம் சும்மா போனேன். 1999ல் கலைஞர் ஆட்சியில் ஆரம்பித்த திட்டம், தரகர் இல்லாமல் விவசாயியே விற்பது. காலையிலேயே முடிந்துவிடுமாம், தராசும் பூனையும் மட்டும் இருந்தன.

ஜனவரி 23, வெள்ளி. தலைவாசல், ஆறகளூர்

மூன்று மணிக்கு அலாரம். தலைவாசல் மார்க்கெட் விடிவதற்குள் பாதி முடிந்துவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். நாலரைக்குப் போய் இறங்கியபோது நெடுஞ்சாலை ஓரம் முழுக்க வெளிச்சம், ஹாரன், கத்தல். மினி லாரி, டாடா ஏஸ், டிவிஎஸ் எக்ஸெல்லின் இருபக்கமும் மூட்டை கட்டி ஓட்டிவரும் ஆட்கள். ஒரு எக்ஸெல்லில் வண்டியே தெரியவில்லை, புடலங்காய்க் கட்டுக்கு நடுவில் ஒரு மங்கி குல்லா மட்டும் வந்தது.

இறங்கிய பத்தாவது அடியில் அழுகின தக்காளிக் குழம்பில் கால் வைத்தேன். செருப்பு வார் அறுந்தது. அதற்கப்புறம் வெறுங்கால்தான். குளிரில் முட்டைக்கோஸ் இலை மேல் நடப்பது எப்படி என்று கேட்காதீர்கள்.

மண்டி மண்டியாகப் பிரித்து ஏலம். கத்தரிக்காயைக் கொட்டுகிறார்கள், மண்டிக்காரர் ஒரு காயை எடுத்து ஒடித்துக் காட்டுகிறார், விலை கத்துகிறார், சுற்றி நிற்கிறவர்கள் தலையசைப்பிலேயே ஏற்றுகிறார்கள். எனக்கு யார் வாங்கினார் என்றே புரியவில்லை, அதற்குள் மூட்டை தைத்தாகிவிட்டது. காய்க்குச் சொந்தக்காரரான பையன் பக்கத்தில் நின்று டீ குடித்துக் கொண்டிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர். கிலோ இருபத்திரண்டு ரூபாய்க்குப் போனது. சந்தோஷமா என்று கேட்டேன். “நேத்து இருவத்தெட்டுக்கா” என்றான். நேற்று ஏன் பறிக்கவில்லை? “நேத்து பறிக்க ஆள் வரலக்கா.” கமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சீட்டில் வரிசையாகக் கழிகிறது. போன வாரம் சென்னையில் கத்தரிக்காய்க்கு நான் கொடுத்தது கிலோவுக்கு ஐம்பத்தைந்து. அதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமலும் இருக்காது.

தலைவாசலில் கோட்டை இல்லை, சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகிற ரோடு இருக்கிறது. உளுந்தூர்பேட்டையில் திருச்சி–சென்னை ரோட்டில் ஏறிவிட்டால் சென்னை ஒரு ராத்திரிதான். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் எல்லாம் அதற்கும் கிட்டத்தில். காய் வாடுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற தூரத்தில், மலையடிவாரக் கிணற்றுப் பாசனத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது ஊர். அதுதான் அதன் மூலதனம். இந்த மார்க்கெட்டைச் சுற்றி நாலு மணிக்குத் திறக்கும் சலூன்கூட இருக்கிறது. லோடு ஏற்றி முடித்தவர்கள் ஷேவிங் செய்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இட்லி, குடல் குழம்பு, அறுபது ரூபாய். காலை ஆறு மணிக்கு வெறுங்காலோடு குடல் குழம்பு சாப்பிடும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பரோட்டா மாஸ்டர் மட்டும் பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடியை நீட்டி, “போட்டுக்கங்க மேடம், நம்மளுதுதான்” என்றார். இரண்டு நம்பர் பெரியது. இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெயில் ஏறியதும் ஷேர் ஆட்டோவில் ஆறகளூர். கொஞ்ச தூரம்தான். ஆனால் இரைச்சல் சட்டென்று அறுந்துவிடுகிறது.

12, 13ஆம் நூற்றாண்டுகளில் மகதை மண்டலத்துக்கு இதுதான் தலைநகர். வாணகோவரையர்கள் என்ற சிற்றரசர்கள் இருந்த இடம். சோழர் தளர்ந்த காலத்தில் பெரிய கைகள். ஊரைச் சுற்றி அகழி இருந்த தடம் இன்னும் பள்ளமாகத் தெரிகிறது. காமநாதீஸ்வரர் கோயிலில் எட்டு பைரவர்கள் உண்டு, தேய்பிறை அஷ்டமிக்குக் கூட்டம் தாங்காது என்றார் பூக்கட்டும் அம்மா. இன்று பூ வாங்க நான் ஒருத்திதான். வெயிலில் அலைகிறேன் என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார், உப்பு சரியா என்று கேட்டு இன்னொரு கல் போட்டார். ஊரில் ஓட்டல் என்று ஒன்று கண்ணில் படவில்லை.

இந்த ஊரில் கிடைத்த ஒரு கல்வெட்டைப் பற்றித் தெரிந்துகொண்டுதான் வந்தேன். மகதேசன் பெருவழி என்று ரோட்டின் பெயரையும், காஞ்சிபுரம் எத்தனை காதம் என்பதையும் சொல்லும் மைல்கல். ஆக, அன்றைக்கு வட திசைக்குப் போகிற பெரிய ரோடு ஆறகளூரைத் தொட்டுப் போனது. இன்றைக்கு அதே திசைக்குக் கத்தரிக்காய் ஏற்றிப் போகிற ரோடு தலைவாசலைத் தொட்டுப் போகிறது. ராஜா இருந்த ஊரில் மோர்தான் கிடைக்கிறது, லாரி நின்ற ஊரில் காலை நாலு மணிக்கு முகச்சவரமே கிடைக்கிறது. தலைநகரங்களைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். மண்டிக்காரர்களைப் பற்றி ஒரு பலகைகூட இல்லை.

பக்கத்துத் தியாகனூரில் புத்தர் இருக்கிறார், தியானத்தில், பெரிய சிலை. விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். உட்கார்ந்து கால் வலிக்கு ஒரு மணி நேரம் ஓய்வு எடுத்தேன்.

ஜனவரி 24, சனி. வீரகனூர்

சனிக்கிழமை என்றால் வீரகனூர் ஆட்டுச் சந்தை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைகளுக்கு ஆடு இங்கேயிருந்துதான் போகிறது, சேலம் மட்டுமல்ல, பெரம்பலூர், கள்ளக்குறிச்சி பக்கமெல்லாம். விடிகாலையிலேயே மைதானம் நிறைந்துவிட்டது. வெள்ளாடு ஒரு பக்கம், செம்மறி ஒரு பக்கம், குட்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டு பெண்கள் நடுவில். ஆட்டுப் புழுக்கை வாடையும் வறுத்த கடலை வாடையும் சேர்ந்து வருகிறது.

இங்கே தராசு இல்லை. வியாபாரி ஆட்டின் முதுகெலும்பில் கட்டை விரலை வைத்து அழுத்துகிறார், அடி வயிற்றில் கை கொடுத்து முன்னங்கால் தரையை விட்டு எழும்பும்வரை ஒரே தூக்கு, இறக்கிவிடுகிறார். “பத்து கிலோ விழும்.” ஆட்டுக்காரர் பன்னிரண்டு என்கிறார். அப்புறம் துண்டு. இரண்டு பேர் கையும் துண்டுக்குள் போகிறது, விரலைப் பிடித்து விலை. முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒருவர் வானத்தைப் பார்க்கிறார், ஒருவர் என்னைப் பார்த்து, “எந்த ஊரும்மா?” என்கிறார், துண்டுக்குள் பேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாலைந்து தடவை கையை உதறினார்கள், நாலைந்து தடவையும் மூன்றாவது ஆள் ஒருவர் இருவர் கையையும் பிடித்து இழுத்துச் சேர்த்துவைத்தார். எட்டாயிரத்து இருநூறுக்குப் படிந்தது என்று பணம் எண்ணும்போதுதான் தெரிந்தது. மூன்றாவது ஆளுக்கு இருபக்கமும் ஆளுக்கு ஐம்பது.

அவரையே பிடித்துக்கொண்டேன். முப்பது வருடத் தரகர், டீ வாங்கிக் கொடுத்தேன். வாரம் முழுக்க எங்கே போவீர்கள் என்றதற்கு நாள் நாளாகச் சொன்னார். ஒரே ஆளும் ஒரே பணமும் வாரம் முழுக்க ஊர் ஊராகச் சுற்ற வேண்டுமென்றால் சந்தை நாட்கள் ஒன்றை ஒன்று மிதிக்கக் கூடாது. மேச்சேரிச் சந்தை புதன். ஆனால் கொங்கணாபுரமும் சனிக்கிழமைதானே என்று மடக்கினேன். சிரித்தார். “அது ஜில்லாவுக்கு அந்தக் கோடிம்மா, எடப்பாடி பக்கம். இது இந்தக் கோடி. அங்க போறவன் இங்க வரமாட்டான், இங்க வர்றவன் அங்க போவமாட்டான். பக்கத்துப் பக்கத்துல ஒரே கெழமையில ரெண்டு சந்த வெச்சா ரெண்டும் படுத்துக்கும்.” இதை யார் உட்கார்ந்து பிரித்தார்கள் என்றேன். “யாரு பிரிக்கறது? ஆடு எங்க விக்குதோ அங்க ஆளு வரும். விக்கலன்னா அடுத்த வாரம் வரமாட்டான். அவ்ளோதான்.”

அடுத்த வாரம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். பிப்ரவரி 1 தைப்பூசம், பாதி ஊர் பழனிக்கு மாலை போட்டிருக்கிறது, கறி தொடமாட்டார்கள். “வெல கவுந்துடும். வேணும்னா அடுத்த வாரம் வாங்க, கொறச்சு வாங்கித் தர்றேன்.” சென்னையில் இரண்டாவது மாடியில் ஆட்டை எங்கே கட்டுவது என்று கேட்டதற்கு, மொட்டை மாடி இல்லையா என்று திருப்பிக் கேட்டார்.

பத்து மணிக்கெல்லாம் மைதானம் கலைந்துவிட்டது. ஆத்தூர் பஸ் நிரம்பி வழிந்ததால் நிற்காமலே போய்விட்டது. இரண்டு கிடாவும் ஒரு கறிக்கடைக்காரரும் ஏற்கெனவே ஏறியிருந்த ஆட்டோவில் இடம் கிடைத்தது. ஆத்தூர் வரை எனக்கு நூறு, கிடாவுக்கு ஐம்பது என்றார் டிரைவர். அதெப்படி எனக்கு மட்டும் நூறு என்று சண்டை போட்டேன். எண்பதுக்குப் படிந்தது.